ஒரு கல்லைப் படித்த மனிதர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனப்போ, மெஷின் இரும்பைச் செதுக்குறதை வாயைப் பிளந்து பார்த்திருப்பீங்க. அதே திருவள்ளூர் மாவட்டத்துல, பூண்டி பக்கம் அத்திரம்பாக்கத்துல, சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பட்டறை ஓடியிருக்கு. அதை உலகத்துக்குக் காட்டியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

1834இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். வேலை என்னவோ பாறைகளை வரைபடமாக்குறதுதான். ஆனா 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியில் ஒரு கல் அவரை நிறுத்திடுச்சு. நாலே மாசத்துல, செப்டம்பர் 28, வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கம் ஓடைக்கரை. அங்கேயும் அதே மாதிரி கற்கள்!

நீங்களும் நானும் தாண்டிப் போயிருப்போம். அவர் கண்ணுக்கு என்ன தெரிஞ்சுது? ஆறு உருட்டின கல் வழவழன்னு ஆகும். தானா உடைஞ்ச கல்லுல ஒழுங்கு இருக்காது. இதுல ரெண்டு பக்கமும் சில்லு சில்லா பெயர்த்து, விளிம்பைக் கூராக்கியிருக்காங்க. அப்போ இது மனுஷன் கைவேலை. கோடாலி!

ஃபூட் சொன்ன எல்லாமே சரியில்லை. அந்தச் செம்மண் சரளை கடல் படிவுன்னு நினைச்சார், தப்பு. ஆனா எந்த மண்ணுல எது கிடைச்சுதுன்னு ஒழுங்கா எழுதி வெச்சார். அதனாலதான் விளக்கம் மாறினாலும் ஆதாரம் நின்னுச்சு.

பக்கத்துல இருக்குற குடியம் குகைகள்ல ஓவியம் தேடிப் போனா ஏமாந்துடுவீங்க. கல் கருவிகள்தான் அங்கே சாட்சி. மனித உருவம் பார்க்கணும்னா விழுப்புரம் கீழ்வாலை போகணும். அங்கே பாறையில செஞ்சாந்து உருவங்கள் இருக்கு. கையைத் தூக்கி நிக்கிற ஓர் உருவத்தைப் பார்த்தா ஆட்டம்னு சொல்வோம், வேட்டைன்னு சொல்வோம், வழிபாடுன்னும் சொல்வோம். அங்கேயும் ஃபூட் வழிதான்: முதல்ல இருக்கிறதைப் பதிவு பண்ணு, அர்த்தம் அப்புறம்.

நாற்பது வருஷம் சேர்த்ததை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். 1912இல் மறைந்தார். ஏற்காடு தேவாலயத்தில் அவர் நினைவிடம் இருக்கு.

அத்திரம்பாக்கம் போனா ஒண்ணு மட்டும் செய்யாதீங்க: ஞாபகத்துக்குன்னு ஒரு கல்லைப் பைக்குள்ள போட்டுக்காதீங்க. கிடந்த இடத்தை விட்டு எடுத்துட்டா, அது வெறும் கல்லுதான்.