தோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்

திருநெல்வேலிச் சீமையிலுள்ள தோனாவூரை அறியாத கிறிஸ்தவர் நம்மிடையே அரியர். ஆயினும், அவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தாயாய் விளங்கிய ஏமி கார்மைக்கேல் அம்மையார், தாமும் ஒருவர்க்கு வளர்ப்பு மகளாயிருந்தவர் என்பதைப் பலர் அறியார்.

அம்மையார் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள மில்லைல் என்னும் கடற்கரையூரிற் பிறந்தார். பதினேழாம் வயதில் தந்தையை இழந்தார். பின்னர், கெஸ்விக் மாநாட்டை நிறுவினோருள் ஒருவரான ராபர்ட் வில்ஸன் என்னும் ஆங்கிலேய முதியவர், தம் மனைவியையும் மகளையும் பறிகொடுத்துத் தனித்திருந்த நிலையில், அம்மையாரைத் தம் இல்லத்தில் மகளாகவே ஏற்றார். அம்மையாரும் வில்ஸன் என்னும் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1893-இல் அவரைப் பிரிந்து ஜப்பான் சென்றார்; அவர் நோயுற்றதறிந்து மறு ஆண்டே மீண்டார்; 1895-இல் மறுபடியும் பிரிந்து இந்தியா அடைந்தார். அதன்பின் தாய்நாட்டைக் காணவேயில்லை. வில்ஸன் 1905-இல் காலமானார். மகளை இருமுறை வழியனுப்பிய அத்தந்தையின் தியாகத்தை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

1901 மார்ச்சு மாதம், பண்ணைவிளையில் அம்மையார் தங்கியிருந்தபோது, கோயிற்பணிக்கென விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பியோடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளுக்குப்பின் வேறு பிள்ளைகளும் வந்தனர். ஊரூராய்ச் சென்று சுவிசேஷம் கூறிய அம்மையார் தொட்டிலருகே நிற்கலானார். பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்மணிகள் உடனின்று உழைத்திராவிடில் அவ்வில்லம் நிலைத்திராது.

ஒரு வழக்கு ஈண்டுக் குறிக்கத்தக்கது. தம்மிடம் வந்த சிறுமி ஒருத்தியை அவளைப் பெற்ற தாயிடம் ஒப்புவிக்குமாறு 1911-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறித்த நாளுக்கு முன்னரே சிறுமி மறைந்தாள். மாறுவேடத்தில் கடல் கடந்து, சீன தேசத்தில் மிஷனெரிக் குடும்பமொன்றில் வளர்ந்தாள். அவள் சென்ற இடம் அம்மையார்க்கே பன்மாதம் தெரியாதிருந்தது. சட்டத்தின்படி நோக்கின் இது குற்றமே. பெற்றவள் வயிறு எரிந்திராதா என்றும் நெஞ்சு கேட்கிறது. எனினும், அச்சிறுமி திரும்பிச் செல்ல விரும்பவில்லை என்பதை மறத்தலாகாது.

1931-இல் இடறி விழுந்து கால் முறிந்த அம்மையார், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தம் அறையிலேயே இருந்து நூல்கள் இயற்றினார். 1951 ஜனவரி 18-இல் இறைவனடி சேர்ந்தார். கல்லறைக் கல் வேண்டாவென்று விலக்கியிருந்தமையால், பறவைகள் நீருண்ணும் கற்றொட்டி ஒன்றைப் பிள்ளைகள் அங்கு அமைத்தனர். அதில் அம்மா என்னும் ஒரு சொல்லே பொறிக்கப்பட்டுள்ளது.