லூயி பிரெயில்

சென்னை மாநகர்க்கு மேற்கே பூவிருந்தவல்லியில், பார்வையற்ற மாணாக்கர்க்கென அரசினர் நடத்தும் பள்ளி ஒன்று உளது. ஆங்குள்ள பிள்ளைகள் தடித்த தாளின்மேல் விரல் நுனியை இடமிருந்து வலமாகச் செலுத்திப் பாடம் பயில்வர். அவர்தம் விரலின்கீழ்த் தமிழாய் விளங்கும் புள்ளிகளுக்கு முறை வகுத்தவர், பிரெஞ்சு நாட்டில் இளமையிலேயே கண்ணிழந்த ஒருவர். அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

லூயி பிரெயில் 1809-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ஆம் நாள், பாரிஸ் நகர்க்குக் கிழக்கே உள்ள கூவ்ரே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்றாம் வயதில், தந்தையாரின் தொழிற்கூடத்தில் தோலைத் துளைத்து விளையாடுகையில், குத்தூசி நழுவி ஒரு கண்ணிற் பாய்ந்தது. புண்பட்டது ஒரு கண்ணே. ஆயின் அழற்சி மற்றைக் கண்ணையும் பற்றிற்று. ஐந்தாம் வயதிற்குள் இரு கண்களும் முற்றும் இருண்டன.

ஊறுபடாத கண் கெட்டதன் காரணத்தை அக்காலத்தார் அறிந்திலர். கண்ணின் உட்பொருள்கள் சில உடலின் காவலாற்றலுக்குப் புலப்படாது மறைந்திருப்பன. கூரிய கருவி கண்ணைத் துளைக்குங்கால் அவை வெளிப்படும். உடல் அவற்றைப் பகையென எண்ணித் தாக்க, இரு கண்களின் நடுப்படலமும் ஒருங்கே அழலும். பிரெயிலுக்கு நேர்ந்ததும் இதுவே என்று இக்கால மருத்துவ அறிஞர் பலர் கருதுவர். காயமின்றி வேறு காரணங்களாலும் அப்படலம் அழலுவதுண்டு. அக்கால் குருதிக் குழாய்கள் கசிந்து, விழித்திரையின் நடுவேயுள்ள மஞ்சட்புள்ளியில் நீர் தேங்கி வீங்கும். நூலின் எழுத்தையும் எதிர்வருவார் முகத்தையும் தெளிவாய்க் காட்டுவது அப்புள்ளியே. அது வீங்கின் நேர்கோடு வளைந்து தோன்றும், எழுத்து மங்கும், வீக்கம் நெடுநாள் நீடிப்பின் இழந்த பார்வை மீளாமற் போதலும் கூடும்.

நம் சென்னையிற் கண் மருத்துவமனை தொடங்கப்பெற்ற 1819-ஆம் ஆண்டிலேயே, பத்து வயதினரான பிரெயில் பாரிஸில் இருந்த பார்வையற்றோர் பள்ளியிற் சேர்ந்தார். அங்கு ரோமன் எழுத்துக்களைத் தாளிற் புடைப்பாக அச்சிட்டிருந்தனர். அவற்றைத் தடவி அறிதல் அரிது. மாணவர் தாமே எழுதுதலோ இயலாது. 1821-இல், படைத்துறையிற் பணியாற்றிய சார்ல் பார்பியே என்பார் பன்னிரு புள்ளிகளால் ஆகிய ஒரு முறையை அப்பள்ளிக்கு அறிமுகப்படுத்தினார். ஒரே தொடுதலில் அடங்காத அவ்வெழுத்தைப் பிரெயில் ஆறு புள்ளிகளாய்ச் சுருக்கினார். அப்போது அவர்க்கு வயது பதினைந்து. ஆறு புள்ளிகளால் அறுபத்து மூன்று வடிவங்கள் அமைந்தன. 1829-இல் அம்முறையை நூலாக வெளியிட்டார். கண்ணைப் பறித்த குத்தூசியை ஒத்த கூர்ங்கருவியே அவ்வெழுத்தை எழுதும் கோலாயிற்று.

பிரெயில் அப்பள்ளியிலேயே ஆசிரியராகவும், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் விளங்கினார். எனினும் கண்ணுள்ள மேலோர் தம் கண்ணுக்குப் பழகிய எழுத்தையே நன்றென்று கொண்டனர். ஒரு காலத்து அப்பள்ளியிலேயே புள்ளியெழுத்து விலக்கப்பட்டது. மாணவர் மறைவாகப் பயின்று அதனைக் காத்தனர். காசநோயால் நலிந்த பிரெயில் 1852-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் மறைந்தார். ஈராண்டு கழிந்து, 1854-இல், அம்முறை முறைப்படி ஏற்கப்பட்டது. இந்திய மொழிகட்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் உருப்பெற்றது.

மாணவ நண்பர்காள், இவ்வரலாற்றினின்று யாம் கொள்ளத்தக்கன இரண்டு. கண் சிவந்து வலித்து, ஒளியைக் காணக் கூசி, பார்வை மங்குமாயின், பச்சிலைச் சாறோ தாய்ப்பாலோ பிழிந்து நாட்களைக் கழித்தல் கூடாது. அன்றே கண் மருத்துவரை நாடுதல் வேண்டும். அழற்சியையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்துகள் பிரெயிலின் காலத்தில் இல்லை, இன்று உள. எனினும் அவை காலந்தாழ்த்தாது வந்தார்க்கே பெரிதும் பயன்படும். மற்றொன்று, பார்வையை மீட்க இயலாதார்க்கு உதவப் புகுவோர், அவர்க்கு ஏற்றது யாதென்று முதலில் அவரையே வினவுதல் வேண்டும். பாரிஸின் ஆசிரியர்கள் அதனைச் செய்திருப்பின், தம் எழுத்து ஏற்றம் பெறுதலைப் பிரெயில் உயிரோடிருந்து அறிந்திருப்பார்.