கான் சாகிபும் சிப்பாயின் துப்பாக்கியும்

போர்களின் வரலாற்றைப் பயிலும் நாம் மன்னர் பெயரையும் தளகர்த்தர் பெயரையும் நினைவில் இருத்துகின்றோம். முன்வரிசையில் நின்ற எளிய வீரனின் கையில் எந்தப் படைக்கலம் இருந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அவன் அதனை விரும்பி ஏந்தினானா, பிறர் கொடுத்தமையால் ஏந்தினானா என்பதையும் ஆராய்வதில்லை. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் தலைவிதியை மாற்றிய காரணங்களுள் இஃது ஒன்றாகும். இதனை நன்கு உணர்ந்து உயர்ந்தவனும், உணர்ந்தும் இறுதியில் வீழ்ந்தவனுமாகிய ஒரு தமிழ் வீரனின் வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் கூறுவோம். அவனே யூசுப்கான், மருதநாயகம் என்றும், மதுரை மக்களால் கான் சாகிபு என்றும், கம்மந்தான் என்றும் வழங்கப்பெற்றவன்.

இவன் 1725-ஆம் ஆண்டை ஒட்டி இராமநாதபுரச் சீமையிலுள்ள பனையூரில் வேளாளர் குடியிற் பிறந்தான் என்றும், இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறி இசுலாம் மதத்தைத் தழுவினான் என்றும் கூறுவர். புதுச்சேரியில் ஐரோப்பியரிடம் ஊழியம் செய்தபொழுது அவர்தம் மொழியையும் போர்முறையையும் அறிந்து, பின்னர் நெல்லூரிலே சிப்பாய்களுக்குத் தலைவனானான் என்பர். குலப்பெருமையோ, குடிவழிச் செல்வமோ, பெரியோர் பரிந்துரையோ அவனுக்கு இருந்ததில்லை. தன் கண்ணால் கண்டு கற்ற கல்வியே அவன் கைமுதல்.

அக்காலத்து நம் நாட்டுக் காலாட்கள் இருவகைத் துப்பாக்கிகளை அறிந்திருந்தனர். ஒன்று திரித்துப்பாக்கி. அதில் கனன்றுகொண்டிருக்கும் கயிற்றுத் திரியொன்று, குதிரையை இழுத்தவுடன் தாழ்ந்து, குழலின் அருகேயுள்ள சிறு கிண்ணத்து மருந்தைப் பற்றவைக்கும். மற்றொன்று ஐரோப்பியர் கொணர்ந்த சக்கிமுக்கித் துப்பாக்கி. அதில் கல் இரும்பின்மேல் மோதித் தெறிக்கும் பொறியே மருந்தைப் பற்றவைக்கும். இன்று நோக்குவோர் பின்னதே சிறந்தது என்று ஐயமின்றிக் கூறுவர். அக்கால வீரரோ அவ்வாறு கூறவில்லை. நம் நாட்டுத் திரித்துப்பாக்கியின் குழல் நீண்டது; குறிவைத்துச் சுடுவோன் கையில் அது நெடுந்தொலைவு சென்று தைக்கும். கல்லின் பொறி சில வேளைகளில் பொய்த்துவிடும். கனலும் திரியோ பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆதலின் மதில்மேல் மறைந்திருந்தோ, புதர்நடுவே பதுங்கியிருந்தோ ஒருவனைக் குறிவைத்து வீழ்த்தும் வீரன் திரித்துப்பாக்கியையே விரும்பினான். அன்றியும் அது பெரும்பாலும் அவன் சொந்தப் பொருள், தந்தையிடமிருந்து வந்தது, அதன் குணமும் குற்றமும் அவனுக்குத் தெரியும்.

ஆயினும் திரித்துப்பாக்கிக்குப் பெருங்குறைகள் இருந்தன. மழையிலே திரி அவியும்; இரவிலே அதன் கனல் பகைவனுக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும்; மருந்திட்ட வீரர் நெருங்கி நின்றால் ஒருவன் திரியே மற்றவன் மருந்திற் படும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுடக் காலம் மிக நீளும். சக்கிமுக்கித் துப்பாக்கியோ ஏறக்குறைய 10 ராத்தல் எடையுள்ளது. 100 கெஜத்திற்கு அப்பால் அதன் குண்டு எங்குச் செல்லும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் காகிதத்தில் சுற்றிய தோட்டாவைப் பல்லாற் கடித்து, மருந்திட்டு, கோலால் இடித்துச் சுடும் முறையிலே பழகிய வீரன் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவான். தோளோடு தோள் நெருங்கி நின்ற நூற்றுவர் ஒருசேரச் சுடின், குறியின் குறை எண்ணிக்கையால் நிரம்பும். குழலின் முனையிற் பொருத்திய சங்கீன் என்னும் குத்தீட்டி, மருந்து தீர்ந்தபோதும் அதனை ஓர் ஈட்டியாக்கும்.

இவ்வேறுபாட்டைச் சென்னைவாசிகள் 1746-ஆம் ஆண்டிலேயே கண்ணாரக் கண்டனர். அவ்வாண்டு பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றியபொழுது, அதனைத் தன்னிடம் ஒப்புவிக்குமாறு வேண்டிய ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் தன் மகன் மாபூசுகானைப் பெரும்படையுடன் அனுப்பினான். அடையாற்றின் கரையிலே அப்படையை எதிர்த்த பிரெஞ்சுப் படை மிகச் சிறியது. எனினும் அது பீரங்கிக் குண்டுகளுக்கிடையே ஆற்றைக் கடந்து, ஒருசேரச் சுட்டு, சங்கீனை நீட்டிப் பாய்ந்ததும் நவாபின் படை சிதறியது. அப்பிரெஞ்சுப் படையிற் பெரும்பகுதியினர் ஐரோப்பியர் அல்லர். பயிற்சி பெற்ற நம் நாட்டுச் சிப்பாய்களே. வெற்றி துப்பாக்கியின் உயர்வாலன்று, அதனை ஏந்தியோரின் பழக்கத்தாலும் ஒழுங்காலுமே வந்தது என்பதை அறிவுடையோர் உணர்ந்தனர்.

1752-ஆம் ஆண்டில் காவேரிப்பாக்கப் போருக்குச் சற்று முன்னர், யூசுப்கான் தன் ஆட்களுடன் வந்து கிளைவின் படையிற் சேர்ந்தான். பின்னர்த் திருச்சிராப்பள்ளி முற்றுகையில் மேஜர் இலாரன்சின் கீழ்ப் பணிபுரிந்தான். அங்குப் பட்டினியே பெரும்பகைவனாக இருந்தது. தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து அரிசி மூட்டைகளைக் காவலுடன் கொண்டுசேர்ப்பது அவன் பொறுப்பாயிற்று. எந்தக் காட்டுவழி எந்த இரவிற் பாதுகாப்பானது என்பதையும், பகைக் குதிரைப்படை பாய்ந்துவரும்போது சிப்பாய்களைக் கலையாது நிறுத்தி எந்த நொடியிற் சுடச்செய்வது என்பதையும் அவனைப் போல அறிந்தவர் அப்படையில் இலர்.

அங்கேயே அவன் உயிருக்கு ஓர் இடர் வந்தது. இலாரன்சின் துபாஷியாக இருந்த பொன்னியப்பன் மைசூராருக்கு இரகசியங்களை விற்றுவந்தான். யூசுப்கானைத் துரோகியாகக் காட்டும் பொய்க்கடிதம் ஒன்றும் எழுந்தது. விசாரணையில் உண்மை வெளிப்பட்டது, பொன்னியப்பன் கொல்லப்பட்டான். யூசுப்கான் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவனாக உயர்த்தப்பெற்றுப் பொற்பதக்கமும் பெற்றான். கம்மந்தான் என்னும் பெயர் அப்பதவியால் வந்ததே.

அதன்பின் அவன் தென்பாண்டிச் சீமைக்கு அனுப்பப்பெற்றான். அங்கு அவன் எதிர்கொண்ட படைக்கலம் வேறு. நெற்கட்டுஞ்செவ்வல் பூலித்தேவனுடைய வீரர்கள் வில்லும் வாணமும் திரித்துப்பாக்கியும் அறிந்தவர்களே. ஆயினும் அவர்களுள் ஈட்டிக்காரரே தலைசிறந்தவராக மதிக்கப்பெற்றனர். ஒவ்வொரு தாக்குதலிலும் அவர்களே முன்செல்வர். அவ்வீட்டி 18 அடி நீளம். முனைக்குக் கீழே செந்நிறக் குதிரைமயிர்க் குஞ்சம் கட்டப்பட்டிருக்கும். குதிரைப்படையை எதிர்க்கும்போது குதிரைகள் மருள அதிற் சிறு மணியொன்றையும் கோப்பர். துப்பாக்கி இருக்கவும் ஈட்டியை விரும்பிய இவர்களை அறியாமையுடையோர் என்று கூறுதல் பிழை. பயிற்சி பெற்ற சிப்பாயும் இருமுறை சுடுவதற்கிடையே 20 நொடி வேண்டும். அதற்குள் காட்டின் விளிம்பிலிருந்து பாய்ந்தோடி வரும் ஈட்டிக்காரன் 100 கெஜத்தைக் கடந்துவிடுவான். நெருங்கியபின் 18 அடி ஈட்டியின் முன் சங்கீன் குட்டையானது. எனவே தம் காட்டுக்கும் தம் கால்வேகத்திற்கும் ஏற்ற படைக்கலத்தையே அவர்கள் தேர்ந்திருந்தனர். யூசுப்கான் பின்னொருகால் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டபொழுது, பூலித்தேவன் காட்டிலிருந்து திடீரென வெளிப்பட்டுத் தாக்க, கம்மந்தான் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்ப நேர்ந்தது. 1761-ஆம் ஆண்டிலேதான் அக்கோட்டையும் நெற்கட்டுஞ்செவ்வலும் அவன் வசமாயின.

இதற்கிடையில் சென்னைக்குப் பேரிடர் வந்தது. 1758-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் பிரெஞ்சுத் தளகர்த்தன் இலாலி, கோட்டைக்கு வடக்கேயுள்ள கறுப்பர் பட்டணத்துட் புகுந்தான். இன்றைய முத்தியாலுப்பேட்டையும் பெத்துநாய்க்கன்பேட்டையும் அப்பட்டணத்தின் பகுதிகள். துறைமுகமும் இருப்புப்பாதையும் தோன்றாத அக்காலத்தில் அதற்கு வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கமெல்லாம் திறந்த மணற்கரையாகவும் மீனவர் குப்பங்களாகவும் இருந்தன. கோட்டையின் வடமுகத்தை நோக்கியே பிரெஞ்சுப் பீரங்கிகள் நிறுத்தப்பெற்றன. அப்பக்கத்திலிருந்த ஆங்கிலேயரின் பழைய இடுகாட்டுக் கல்லறைகளும் பிரெஞ்சு வீரர்க்கு மறைவிடமாயின. கோட்டைக்குள் இருந்தோர் மதிலைக் காத்தனர். கோட்டைக்கு வெளியே பகைவனை உறங்கவிடாதவன் யூசுப்கானே. செங்கற்பட்டை நிலையாகக் கொண்டு, தன் சிப்பாய்களுடன் அவன் இலாலியின் உணவு வழிகளை அலைத்தான். திருச்சியில் பட்டினியை வென்ற கலையைச் சென்னையில் பட்டினியை உண்டாக்கும் கலையாக மாற்றினான். 1759 பிப்ரவரி 9-ஆம் நாள் பரங்கிமலையில் நடந்த கடும்போரிலும் அவன் சிப்பாய்கள் நின்று போராடினர். ஒரு வாரத்திற்குள் ஆங்கிலக் கப்பல்கள் கடலில் தோன்ற, 17-ஆம் நாள் இலாலி முற்றுகையை நீக்கிப் பின்வாங்கினான்.

இவ்வெற்றிக்குப் பின் யூசுப்கான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு ஏற்று ஆளும் அதிகாரம் பெற்றான். கள்வர் பயம் குறைந்தது. ஏரி குளங்கள் செப்பம் பெற்றன. மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய நிலங்கள் மீண்டும் கோயிலுக்கே வழங்கப்பெற்றன. இசுலாமியனாகிய ஆளுநன் செய்த இச்செயலை மதுரை மக்கள் நெடுங்காலம் மறவாது போற்றினர். அவன் படைச்சாலையும் பெருகியது. கும்பினியின் பயிற்சிமுறையையே தன் சிப்பாய்களுக்கு அளித்து, வெடிமருந்தும் படைக்கலமும் திரட்டினான்.

இங்கேதான் அவன் வாழ்க்கையின் சிக்கல் தொடங்குகிறது. சீமையின் வரிப்பணம் கும்பினிக்கா, நவாபு முகமது அலிக்கா என்னும் வழக்கு எழுந்தது. தான் நவாபின் வேலையாள் எனத் தாழ்த்தப்படுவதை யூசுப்கான் பொறுக்கவில்லை. 1763-ஆம் ஆண்டில் மதுரையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. மார்ச்சாந்து என்னும் பிரெஞ்சுத் தலைவனும் அவனுடைய ஐரோப்பிய வீரர்களும் யூசுப்கானின் ஊழியத்தில் அமர்ந்தனர். நவாபும் கும்பினியும் சேர்ந்து மதுரையை முற்றுகையிட்டனர். அவ்வாண்டின் பருவமழை முற்றுகையைக் கலைத்தது. 1764-ஆம் ஆண்டில் மேஜர் காம்பெல் தலைமையில் மீண்டும் முற்றுகை தொடங்கியது. மதிலின் இருபுறமும் ஒரே வகைத் துப்பாக்கி. இருபுறமும் ஒரே பயிற்சி. வெளியே நின்றோருள் பலர் முன்னாளில் அவன் ஏவலிலே போர்புரிந்தவர். ஜூன் 26-ஆம் நாள் நடந்த பெருந்தாக்குதலை அவன் முறியடித்தான். மேஜர் பிரஸ்டன் அதிற் பட்ட காயத்தால் மாண்டான். கும்பினியின் படைக்கலத்தைக் கும்பினிக்கு இணையாக ஏந்த நம்மவரால் இயலும் என்பது அன்று ஐயமற விளங்கியது.

ஆனால் துப்பாக்கியைப் பற்றிய மற்றோர் உண்மையும் அம்மதுரையிலேயே விளங்கியது. ஈட்டியும் திரித்துப்பாக்கியும் வீரனின் சொந்தப் பொருள்கள்; அவன் அவற்றைத் தன் ஊருக்காகவும் தன் தலைவனுக்காகவும் ஏந்தினான். சிப்பாயின் துப்பாக்கியோ கிடங்கிலிருந்து எண்ணிக் கொடுக்கப்படுவது. தோட்டாவும் எண்ணிக் கொடுக்கப்படுவது. அதனுடன் திங்கள்தோறும் சம்பளமும் எண்ணிக் கொடுக்கப்படவேண்டும். அளக்கும் கை வற்றினால் அத்துப்பாக்கி யாருடையது என்னும் கேள்வி எழும். தாக்குதலால் வீழாத மதுரையைக் காம்பெல் பட்டினியால் வளைத்தான். உணவு குறைந்தது, சம்பளம் நின்றது. திருச்சியிலும் சென்னையிலும் பசியின் வலிமையை நன்கறிந்த யூசுப்கான் தன் நகரில் அதனை வெல்ல இயலவில்லை. 1764 அக்டோபர் 13-ஆம் நாள் திவான் சீனிவாசராவும், பாபா சாகிபும், மார்ச்சாந்தும் கூடி அவனைப் பிடித்துக் கட்டினர். தொழுகையில் இருந்தபொழுது பிடித்தனர் என்று மக்கள் கூறுவர். பகைவன் துப்பாக்கி செய்ய இயலாததை அவன் சோறுண்டோர் கைகளே செய்தன. 15-ஆம் நாள் நவாபின் ஆணைப்படி அவன் தூக்கிலிடப்பட்டான். மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் அவன் அடக்கமான இடத்தை மக்கள் இன்றும் காட்டுகின்றனர். கான்சாமேட்டுத் தெரு என்னும் பெயரும் அவனை நினைவூட்டுகின்றது.

பூலித்தேவனின் ஈட்டிக்காரரை அடக்கக் கும்பினிக்குக் கருவியாக இருந்தவன் அவனே என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அடாது. தன் கருவி தன் கைமீறியபோது அதனை முறித்துப்போடக் கும்பினி தயங்கவில்லை என்பதும் அவ்வாறே மறைக்கத்தக்கதன்று. எந்தப் படைக்கலம் சிறந்தது என்னும் கேள்விக்கு அக்கால வீரர் ஒவ்வொருவரும் தத்தம் களத்திற்கேற்ப ஒவ்வொரு விடை அளித்தனர். அவை யாவும் ஒருவகையில் உண்மையே. கான் சாகிபின் வாழ்க்கையோ அதற்கு அப்பாலுள்ள கேள்வியை நம்முன் வைக்கின்றது. நாம் கற்கும் கலையும், நாம் பெறும் பதவியும் பிறர் கிடங்கிலிருந்து நம் கைக்கு வருவனவே. அவற்றை யாருக்காக ஏந்துகிறோம் என்பதைக் காலத்தே எண்ணித் துணிதல் கல்லூரி விட்டு உலகிற் புகும் இளைஞர் ஒவ்வொருவர்க்கும் கடனாகும்.