மணலில் கற்ற பாடம்

அரியலூர் மாவட்டத்தின் தெற்கெல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் இந்த ஆற்றின் படுகை தாழ்வானது, போக்கும் நேரானது. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் நீரில் பெரும்பகுதி இதன் வழியே கடலுக்குப் போயிற்று. காவிரி மணல் மேடிட்டது. தஞ்சைக் கழனிகள் வறண்டன. இச்சிக்கலுக்குத் தீர்வு காணும் பொறுப்பு, ஆர்தர் காட்டன் என்னும் இளம் பொறியாளரிடம் வந்து சேர்ந்தது.

1803ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த காட்டன், கிழக்கிந்தியக் கும்பினியின் படைப்பயிற்சிப் பள்ளியில் பயின்று, பதினெட்டாம் வயதில் சென்னைக்கு வந்தார். அவர் கற்ற பொறியியல், உறுதியான அடித்தளத்தின்மேல் கட்டச் சொல்லிற்று. இங்கோ எவ்வளவு தோண்டினாலும் மணல். அடித்தளம் இல்லாத இடத்தில் அணை நிற்குமா?

விடை கண்முன்னே நின்றது. கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணையைக் காட்டன் நுணுகி ஆராய்ந்தார். பெரும்பாறைகளை ஆற்று மணலில் இட்டால், நீரோட்டம் அடிமணலை அரிக்க அவை மெல்லப் புதையும். அவற்றின்மேல் மேலும் பாறைகளை அடுக்கினால், ஓர் ஆழத்தில் அசையாது நிலைத்துவிடும். இடையே களிமண் பூசிப் பிணைத்தனர். மணலை எதிர்க்காமல், மணலின் இயல்பையே துணையாக்கிய நுட்பம் அது. இதை நம் முன்னோரிடம் கற்றதாகக் காட்டன் வெளிப்படையாக எழுதினார். ஆளும் இனத்தார் ஆளப்படுவோரிடம் பாடம் கேட்டதாக ஒப்புக்கொள்வது அக்காலத்தில் அரிது.

கற்றதோடு அவர் தம் அறிவையும் சேர்த்தார். கல்லணையில் மணற்போக்கிகளை அமைத்தார். கொள்ளிடத்தின் குறுக்கே, மணலுக்குள் வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் சுவர் எழுப்பினார். 1836இல் முக்கொம்பில் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன.

எல்லாம் முதன்முறையிலேயே சரியாக அமைந்துவிடவில்லை. மேலணை கட்டியபின் காவிரியில் அளவுக்கு மிஞ்சி நீர் பாய்ந்தது. பின்னர் அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பில் மற்றோர் அணை கட்டவும் நேர்ந்தது. ஆற்றின் போக்கை மாற்றுவோர் அதன் மறுமொழியையும் கேட்டாக வேண்டும்.

கீழணையின் வரலாற்றில் ஒரு வடுவும் உண்டு. அதற்குக் கல் வேண்டி, கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் சுற்றுமதில் இடிக்கப்பட்டது. ஊரார் தடுக்க முயன்றும் பயனில்லை. அக்கோயிலை எழுப்பிய இராசேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் பேரேரி, வரத்துக் கால்வாய்கள் தூர்ந்து அப்போது பாழ்பட்டுக் கிடந்தது. ஒரு சோழர் பணியிடம் பாடம் கேட்ட காலம், இன்னொரு சோழர் பணியைக் கற்குவியலாகவே கண்டது.

பின்னர்க் கோதாவரிக் கரையில், பஞ்சத்தால் நலிந்த நிலப்பகுதிக்காகத் தௌலேசுவரம் அணையைக் காட்டன் கட்டி முடித்தார். அப்பணியில் வீணம் வீரண்ணா என்னும் உள்ளூர்ப் பொறியாளர் அவருக்குத் துணைநின்றார். இந்தியாவுக்கு இருப்புப்பாதையைவிட நீர்ப்பாசனமும் கால்வாய்ப் போக்குவரத்துமே முதன்மையானவை என்று காட்டன் வாதிட்டார். அதனால் இலண்டனில் நாடாளுமன்றக் குழுவின் கடுமையான கேள்விகளுக்கு விடைகூற வேண்டியதாயிற்று. 1899இல், தொண்ணூற்றாறாம் வயதில் அவர் மறைந்தார். கோதாவரிக் கரை மக்கள் இன்றும் அவர் சிலைகளுக்கு மாலையிடுகின்றனர்.

காலநிலை மாறிவரும் இந்நாளில், பல வாரங்களில் பெய்ய வேண்டிய மழை சில நாள்களிலேயே கொட்டுகிறது. பின் நெடுங்காலம் வறட்சி. 2018 ஆகத்து மாதம் பெருகிய வெள்ளத்தில் மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. ஆற்றுநீர் எட்டாத பெரம்பலூர்ப் பகுதியில் பருத்தியும் மக்காச்சோளமும் பெரிதும் மழையை நோக்கியே நிற்கின்றன. கீழணையில் தேங்கும் நீரோ வடவாற்றின் வழியே சோழர்கால வீராணம் ஏரியை அடைந்து, அங்கிருந்து குழாய்களில் சென்னை வரை செல்கிறது.