ஆணி பொறுக்கிய காந்தம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல்லைக் கடப்பவர்கள் பெரும்பாலும் மலையைத்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்ட சிவன் கோயிலும், 1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட கோட்டையின் எச்சங்களும் அங்கே உள்ளன. சாலையோரத் தேநீர்க் கடையில் சற்று நின்றால் வேறொரு காட்சியைக் காணலாம். மரக்காணத்து உப்பை ஏற்றிவந்த லாரி ஒன்று ஓரங்கட்டும். கிளீனர் இறங்கி, கையில் உள்ள இரும்புக் கம்பியால் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டியபடியே வண்டியைச் சுற்றி வருவார். காற்று நிறைந்த டயர் கம்பியைத் துள்ளி எழச் செய்யும். காற்று இறங்கிய டயர் மந்தமாக ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்ட பிறகுதான் அவர் தேநீர்க் கோப்பையைத் தொடுவார்.

அதே சாலைகளில் இப்போது வேறு வகைப் பெரிய வண்டிகளும் வரத் தொடங்கியுள்ளன. படப்பிடிப்புத் தளங்களிலும் தேர்தல் பிரசாரத்திலும் மட்டுமே நாம் பார்த்துவந்த கேரவன், குடும்பச் சுற்றுலாவுக்கும் வாடகைக்குக் கிடைக்கிறது. பேருந்தின் அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்ட வீடு அது. படுக்கை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி, குளிர்சாதனம் என்று உள்ளே இருப்பவற்றையெல்லாம் திறந்து பார்த்து வியக்கிறோம். அத்தனை சுமையையும் தாங்கும் டயர்களைக் குனிந்து பார்ப்பவர் மிகக் குறைவு. நூறாண்டுகளுக்கு முன்பே தன் வண்டிகளின் கூண்டை விட்டுவிட்டுச் சக்கரத்தையும் சாலையையும் குனிந்து பார்த்த ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். அவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார்.

திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877 மார்ச் 22 அன்று பிறந்தவர் அவர். டி.வி.எஸ். என்று நாடறிந்த மூன்றெழுத்தில் முதலெழுத்து அந்த வைணவத் திருத்தலத்தைக் குறிப்பதாகும். சட்டம் பயின்று வழக்கறிஞர் தொழிலில் நுழைந்தார். பிறகு ரயில்வேயில் பணியாற்றினார்; வங்கியிலும் வேலை பார்த்தார். அக்காலத்தில் நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் மகனுக்கு விரும்பக்கூடிய மூன்று வேலைகளும் அவருக்கு வாய்த்தன. மூன்றையும் அவர் விட்டு விலகினார். 1911-இல் மதுரையில் தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே அங்கு அவருடைய பேருந்து ஓடத் தொடங்கியது.

அன்றைய சாலையை நாம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். தார் இல்லை, கப்பியும் செம்மண்ணும்தான். அவற்றின் மீது இரும்புப் பட்டா பூட்டிய மாட்டு வண்டிச் சக்கரங்கள் ஓயாது உருண்டு பள்ளம் பறித்துக்கொண்டிருந்தன. அதைவிடப் பெரிய இடையூறு மாட்டின் காலடியில் இருந்தது. மாட்டுக்குக் குளம்பு பிளவுபட்டது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு லாடம் அடிக்க வேண்டும். இரட்டை மாட்டு வண்டி ஒன்றுக்குப் பதினாறு லாடம். ஒவ்வொன்றிலும் பல ஆணிகள். நடக்க நடக்கத் தேய்ந்து கழன்ற லாட ஆணிகள் சாலையெங்கும் சிந்திக் கிடந்தன. குதிரை வண்டிகளும் தம் பங்கைச் சேர்த்தன. மாடுகளுக்கு அந்த ஆணிகளால் தொல்லையில்லை. காற்றடைத்த ரப்பர் சக்கரத்தோடு வந்த புதிய விருந்தாளிக்குத்தான் அவை எமனாயின.

பஞ்சர் என்பது இன்று அரை மணி நேரத் தாமதம். அன்று அது ஒரு பயணத்தையே குலைக்கும் விபத்து. பயணிகள் இறங்கி மர நிழல் தேட வேண்டும். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, நெம்புகோலால் டயரைப் பிரித்து, டியூபை வெளியே இழுத்து, ஒட்டுப் போட்டு, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். (மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் உள்ள ஒரு தெருவின் பெயர். அந்தத் தெருவில் உதிரிச் சக்கரம் செய்து விற்ற நிறுவனம் மறைந்துவிட்டது. தெருவின் பெயர் நம் ஊர்ப் பட்டறைகளில் வாழ்கிறது.) டயரோ கடல் கடந்து வர வேண்டிய பொருள். இந்தியாவில் டயர் உற்பத்தி வங்காளத்தின் சாகாகஞ்சில் தொடங்கியதே 1936-இல்தான். கிழிந்த டயருக்குப் பதிலாக இன்னொன்றைச் சந்தையில் ஓடிப்போய் வாங்கிவிட முடியாது.

இந்த நிலையில் மற்றவர்கள் செய்யக்கூடியது, பஞ்சர் ஒட்டுவதில் வேகம் காட்டுவதுதான். சுந்தரம் ஐயங்கார் செய்தது வேறு. தன் பேருந்துகள் செல்லும் தடத்தில், அவற்றுக்கு முன்பாகக் காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை அனுப்பி, சாலையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்பது தென் மாவட்டங்களில் இன்றும் சொல்லப்படும் செய்தி. சாலை அவருடையது அல்ல. ஆணியும் அவருடைய வண்டியிலிருந்து விழுந்தது அல்ல. ஆயினும் தன் பேருந்து நேரத்துக்குச் சென்றடைவது தன் பொறுப்பு என்று கருதியவருக்கு அது யாருடைய ஆணி என்ற கேள்வி எழவில்லை. அந்தக் காந்தம் தொட்ட ஆணிகளில் எத்தனை உண்மையில் ஒரு டயரைத் துளைத்திருக்கும் என்று யாராலும் கணக்குக் காட்ட முடியாது. பராமரிப்புக்குச் செலவிடும் பணத்தின் இயல்பே அது. நடக்காத விபத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை. அதனால்தான் சிக்கனம் என்றவுடன் முதலாளிகளின் கை முதலில் அங்கேயே செல்கிறது.

அவருடைய பேருந்து கடந்து செல்வதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. ஓட்டுநரின் கண்டிப்பை மட்டுமே அந்தப் புகழுக்குக் காரணமாகச் சொல்வது சரியன்று. பணிமனையிலிருந்து புறப்படும் முன்பே வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் பார்க்கப்பட்டிருந்தால்தான் வழியில் நேரம் தவறாமல் ஓட முடியும். சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் அவருடைய பேருந்துகளும் லாரிகளும் தென்னகமெங்கும் ஓடின. உதிரிபாகங்களுக்கென மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், வாகன விற்பனைக்கென சுந்தரம் மோட்டார்ஸ் என்று நிறுவனங்கள் கிளைத்தன. ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களின் பெரும் விநியோகஸ்தராகவும் அவர் நிறுவனம் வளர்ந்தது.

அவருடைய வாழ்க்கையில் என்னை அதிகம் ஈர்ப்பது இரண்டாம் உலகப் போர்க் காலம். 1942-இன் தொடக்கத்தில் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானிடம் வீழ்ந்தன. உலகின் ரப்பர் தோட்டங்களில் பெரும்பகுதி ஒரே வீச்சில் கைவிட்டுப் போயிற்று. பர்மாவும் வீழ்ந்ததால் அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பேருந்துத் தொழிலின் இரண்டு உயிர்நாடிகளும் ஒரே நேரத்தில் அறுந்தன. பெட்ரோலுக்கு மாற்றாக, கரியை எரித்து வாயு உண்டாக்கி எஞ்சினை இயக்கும் டி.வி.எஸ். காஸ் பிளான்ட்டை அவர் உருவாக்கிப் பேருந்துகளை ஓட்டினார். வரலாற்றை எழுதுவோர் இதையே விரிவாகச் சொல்வார்கள். டயருக்கு அவர் கண்ட வழி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தேய்ந்த டயருக்குப் புதிய ரப்பர் இடும் தொழிற்கூடங்களை அவர் நிறுவினார்.

பட்டறைக்காரர்கள் ரிசோல் என்று சொல்லும் அந்தத் தொழில் செருப்புக்குப் புது அடி வைப்பது போன்றதுதான். டயரின் மேல்பகுதியில் கட்டம் கட்டமாக உள்ள பட்டன் தேய்ந்த பிறகும், உள்ளே இழைகளாலான உடல் உறுதியாக இருக்கக்கூடும். பழைய மேற்பரப்பை அராவி நீக்கி, புதிய ரப்பரை ஏற்றி, அச்சில் வைத்து வெப்பத்தில் வேகவைத்தால் டயர் மறுபடி ஓடும். ஆனால் எந்த உடல் இன்னொரு வாழ்வைத் தாங்கும் என்று கண்டறிவதில்தான் தொழில் இருக்கிறது. உள்ளே இழை அறுந்த டயருக்கு மேலே எவ்வளவு நல்ல ரப்பரை இட்டாலும் அது ஒருநாள் தோலாக உரிந்து வரும். மொட்டையாகும் வரை ஓட்டிவிட்டு ரிசோலுக்குக் கொண்டுவருவதும் வீண். ஆகவே ரிசோல் போடுபவர் இயல்பாகவே டயரைத் தொடக்கத்திலிருந்து கவனிப்பவராக ஆகிவிடுகிறார். நல்ல உடலில் முறையாக இடப்பட்ட ரிசோல் டயர் இழிவானது அன்று; இருந்தாலும் அதை முன்சக்கரத்தில் போடாமல் பின்னால் போடுவதே பழகிய ஓட்டுநர்களின் வழக்கம்.

இந்தக் கவனம் இன்று கேரவனுக்குப் பேருந்தைக் காட்டிலும் அதிகமாகத் தேவைப்படுகிறது. பேருந்து நாள்தோறும் ஓடித் தேய்கிறது. அதன் டயர் கிழமாகும் முன்பே மொட்டையாகிவிடும். கேரவனோ மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வெயிலில் நிற்கிறது. பட்டன் புதிதுபோல் இருக்கும். பக்கவாட்டு ரப்பரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டர் ஆழம் தாராளமாக இருப்பதைப் பார்த்து உரிமையாளர் நிம்மதி அடைகிறார். அவர் பார்க்க வேண்டியது டயரின் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்க எண். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ஆறேழு ஆண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுதோறும் வல்லுநரிடம் காட்ட வேண்டும். பத்தாண்டுகளைக் கடந்ததை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், கழற்றிவிடுவதே நல்லது.

சுமையும் அப்படியே. தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம், சமையலறை ஒரு பக்கம் என்று அமைந்த வண்டியில் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே எடை வருவதில்லை. தொட்டியை நிரப்பி, பயணப் பொருள்களையும் ஏற்றி, எடை மேடையில் ஒவ்வோர் அச்சையும் நிறுத்துப் பார்த்து, முடிந்தால் இடம் வலம் தனியாகவும் பார்த்து, அந்தச் சுமையைத் தாங்கும் குறியீட்டுடைய டயரையே வாங்க வேண்டும். ரேடியலையும் நைலானையும் ஒரே அச்சில் கலக்கக் கூடாது. பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள்ளே மறைந்திருக்கும் டயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதில் காற்று இறங்கினால் வெளிச் சக்கரம் இருவர் சுமையைத் தனியே சுமந்து சூடேறி வெடிக்கும். இரண்டுக்கும் இடையில் சிக்கிய கல் அமைதியாக இரண்டையும் அறுக்கும். காற்றழுத்தத்தை விடியற்காலையில், வண்டி ஓடாத நிலையில், அளவியால் பார்க்க வேண்டும். கம்பியால் தட்டுவது முற்றிலும் இறங்கிய டயரைக் காட்டிக்கொடுக்கும். சிறிது குறைந்ததைக் காட்டாது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு. அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடுவது நம் கோடைக்காலச் சாலைகளில் அன்றாடம் நடக்கும் தவறு.

சுந்தரம் ஐயங்காரைத் தொழிலதிபராக மட்டும் நினைவுகூர்வது முழுமையாகாது. இளம் வயதில் மணம் முடித்துக் கொடுத்த மகள் சௌந்தரம், பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவக் கணவரை அதே நோய்க்குப் பறிகொடுத்துத் திரும்பியபோது, ஆசாரமான அக்குடும்பம் அவரை வீட்டுக்குள் முடக்கவில்லை. தில்லிக்கு அனுப்பி மருத்துவம் படிக்கவைத்தது. ஜி.ராமச்சந்திரனை அவர் மறுமணம் செய்துகொண்டதும், 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கியதும், பின்னர் மத்திய துணை அமைச்சரானதும் தனியே எழுத வேண்டிய வரலாறு.

தன் வாழ்நாளிலேயே பொறுப்புகளைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில், 78-ஆவது வயதில் மறைந்தார். பேருந்துத் தடங்கள் அரசுடைமையானபோது, 1972-இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அவர் தொடங்கிய பேருந்துகள் அதனுடன் இணைந்தன. பெருமுக்கல் வழியே ஓடும் விழுப்புரத்து அரசுப் பேருந்துகளுக்குரிய கழகம் மூன்றாண்டுகள் கழித்து உருவானது. குடும்பத்தினர் 1982-இல் மதுரையில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா என்ற டயர் நிறுவனத்தைத் தொடங்கினர். அங்கு உருவாகும் டயர்களில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்களுக்கானவை, பேருந்துகளுக்கானவை அல்ல.