வெடிக்கும் மரத்தில் விளைந்த நாதம்

ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரத்து இசை அருங்காட்சியகத்தில் விந்தையான கிதார் ஒன்று இருக்கிறது. அதன் முகப்பலகை மட்டுமே மரம். முதுகும் விலாப் பகுதியும் அட்டை! 1862-ஆம் ஆண்டில் அதைச் செய்தவர் விளையாட்டுக்காகச் செய்யவில்லை. ஊரே வியக்கும் அழகிய மரங்களை இழைத்து இழைத்துப் பழகிய கை அது. அந்தக் கைக்கு உரியவர் அந்தோனியோ தெ தோரஸ் ஹுராதோ. இன்று சென்னையிலும் லண்டனிலும் டோக்கியோவிலும் நைலான் நரம்பு கட்டிய கிதாரை மடியில் வைத்து மீட்டும் எவரும், அறிந்தோ அறியாமலோ, தோரஸ் வகுத்த அமைப்பையே மீட்டுகின்றனர். ஆனால் அவரோ கடனிலேயே வாழ்ந்த ஓர் ஏழைத் தச்சர்.

1817-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், ஸ்பெயினின் தென்கோடியில் உள்ள அல்மெரியா நகரை அடுத்த லா கன்யாதா என்னும் சிற்றூரில் தோரஸ் பிறந்தார். தந்தை வரி வசூலிக்கும் சிறு உத்தியோகத்தில் இருந்தவர். பன்னிரண்டாம் வயதில் மகனைத் தச்சுப் பட்டறையில் சேர்த்துவிட்டார். 1833-இல் அரசுரிமைப் போர் மூண்டது. பையனைப் படைக்கு எடுத்துக்கொண்டனர். தந்தை அங்கும் இங்கும் அலைந்து, உடல்நிலை சரியில்லை என்று காரணம் காட்டி மகனை மீட்டு வந்தார். மீண்டும் பிடித்துக்கொண்டு போகாதிருக்க, 1835-இல் அவசரம் அவசரமாக ஒரு திருமணம். மணமகளுக்கு வயது பதின்மூன்று! அந்தச் சிறுமியின் பெயர் ஹுவானா மரியா. குழந்தைகள் மூவர் பிறந்தனர், இருவர் இறந்தனர். 1845-இல், இருபத்து மூன்றாம் வயதில், காச நோய் ஹுவானாவையும் கொண்டுபோயிற்று. இருபத்தெட்டு வயதுக்குள் ஒரு மனிதர் காண வேண்டிய துயரமா இது! தொழிலிலும் கடன்மேல் கடன். பிழைப்பைத் தேடி அவர் செவில் நகருக்குச் சென்றார்.

செவிலில் அவர் கிதார் செய்யத் தொடங்கியது எப்போது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. கிரனாடாவில் ஹோசே பெர்னாஸ் என்பவரிடம் தொழில் பழகினார் என்று சிலர் கூறுவர். அது எவ்வாறாயினும், 1850-களின் தொடக்கத்தில் ஹுலியான் ஆர்காஸ் என்ற கிதார் கலைஞர் தோரஸின் கருவிகளைப் பார்த்துவிட்டு, இதையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளும்படி தூண்டினார். ஒரு கலைஞனின் சொல் ஒரு தச்சரின் வாழ்வை மாற்றியது. 1856-இல் தோரஸ் செய்த 'லா லியோனா' (பெண் சிங்கம் என்று பொருள்) என்னும் கிதார் இன்றும் பேசப்படுகிறது. 1858-இல் செவில் பொருட்காட்சியில் அவருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

இனி, மரத்தின் கதைக்கு வருவோம். இதைச் சொல்லாமல் தோரஸின் பெருமையைச் சொல்ல முடியாது.

அக்காலத்தில் கிதாரின் முதுகுக்கும் விலாவுக்கும் சைப்பிரஸ், மேப்பிள், ரோஸ்வுட் ஆகிய மரங்களைப் பயன்படுத்தினர். இவற்றுள் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்துக்கு ஈடு இணை இல்லை என்பர். ஸ்பானியர் அதை 'புனித மரம்' என்றே அழைப்பர். சாக்லேட் நிறம், அதன்மேல் கரிய கோடுகள் சிலந்தி வலைபோல் ஓடும். அறுக்கும்போது ரோஜா மணம் கமழும். தட்டினால் மணியோசை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமும் இதன் உறவினமே. பிரேசில் மரம் அருகிப்போனதால் 1960-களின் இறுதி முதல் உலகின் பெரிய கிதார்ப் பட்டறைகள் நம் ஈட்டியைத் தேடி வந்தன. 1992 முதல் பிரேசில் மரத்தின் வணிகத்துக்கு உலக அளவில் தடையே வந்துவிட்டது.

இத்தனை அழகும் வாய்ந்த அந்த மரத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது வெடிக்கும். பட்டறையில் கிடக்கும்போது வெடிக்கும், வளைக்கும்போது வெடிக்கும், கருவியாகி, வாங்கியவர் வீட்டுச் சுவரில் தொங்கும்போதும் ஒரு நள்ளிரவில் 'படீர்' என்று வெடிக்கும்.

இதன் காரணம் என்ன? எங்கள் தெருவில் ஓர் ஆசாரி இருக்கிறார். அவரைக் கேட்டேன். ஈட்டித் தடியை வெட்டியவுடன் இரு முனையிலும் பசுஞ்சாணம் பூசி நிழலில் போடாவிட்டால் வெடித்துவிடும் என்றார். முனை வழியாகத்தான் ஈரம் விரைந்து வெளியேறுமாம். பௌதிக நூலும் இதையே வேறு மொழியில் கூறுகிறது. மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும்; வறண்டால் சுருங்கும். கார்த்திகை மழையில் நம் வீட்டுக் கதவு நிலையோடு இறுகுவதும், சித்திரையில் தளர்வதும் நாம் அறிந்ததே. ஆனால் மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, அகலவாக்கில்தான் மாறுகிறது. அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படும் சுருக்கத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.

இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. மரத்தை வெளிநோக்கிய திசையில் நேர் வரியாக அறுத்தால் பலகை அடங்கி நிற்கும். ஆனால் கோடுகள் நேராக ஓடும், பார்வைக்குச் சாதாரணம். வளையத்தை ஒட்டி அறுத்தால் சிலந்தி வலை, மலை, அலை என்று எல்லாச் சித்திரமும் தோன்றும். ஆனால் அந்தப் பலகைதான் அதிகம் சுருங்கும், அதிகம் வெடிக்கும். கண்ணைக் கவரும் இடமும் பிளக்கும் இடமும் ஒன்றே!

போதாக்குறைக்கு, கிதாரின் முதுகுப் பலகை இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். அதற்குள்ளே குறுக்காகச் சட்டங்களை வச்சிரம் காய்ச்சி ஒட்டுகின்றனர். பலகை அகலவாக்கில் சுருங்கப் பார்க்கும். குறுக்குச் சட்டமோ நீளவாக்கில் கிடப்பதால் சுருங்க மறுக்கும். இருவரும் இழுத்த இழுப்பில் பலகை பிளந்துவிடும். மாமியார் மருமகள் சண்டையில் பாத்திரம் உடைவது போலத்தான்.

இதை எப்படிச் சமாளிப்பது? மரத்தை ஆண்டுக்கணக்கில் காயவிட வேண்டும். காற்று வறண்டிருக்கும் நாள் பார்த்து ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டினால் பின்னாளில் ஈரத்தில் புடைக்குமே தவிரக் கிழியாது. மரத்தின் எண்ணெய்ப் பசை வச்சிரத்தை ஏற்க மறுக்கும் என்பதால், இழைப்புளி பட்ட சூடு ஆறுமுன் ஒட்ட வேண்டும். முக்கியமான உத்தி வேறு: முதுகுப் பலகையைத் தட்டையாக வைக்காமல் ஆமை ஓடுபோல் இலேசாகக் குவித்து வைப்பது. வறட்சி வரும்போது குவிந்த பலகை முதலில் தட்டையாகும்; பிளப்பதற்கு முன் அதற்கு ஓர் அவகாசம் கிடைக்கும். தோரஸ் முதுகையும் குவித்தார், முகத்தையும் மெல்லக் குவித்தார். அகலப் பலகை கிடைக்காதபோது மூன்று, நான்கு துண்டுகளைச் சேர்த்து, இடையே மெல்லிய வேற்றுநிற மரக் கீற்றுகள் வைத்து முதுகு அமைத்தார். வறுமையை அலங்காரமாக மாற்றிய திறமை என்றே நான் இதைக் கருதுகிறேன்.

ஆனால் நாதம் பிறப்பது முதுகிலா? இந்தக் கேள்விதான் அவரை உறங்கவிடாமல் செய்தது. நரம்பின் அதிர்வைக் குதிரை வாங்கி முகப்பலகைக்குத் தருகிறது. ஆகவே முகப்பலகைதான் பாடுகிறது என்பது தோரஸின் துணிபு. அதை இயன்றவரை மெல்லியதாக இழைத்தார். மெலிந்த பலகை நரம்பின் இழுப்புக்குத் தாங்காதே! அதற்காக உட்புறத்தில் ஏழு மெல்லிய கீற்றுச் சட்டங்களை விசிறி விரித்ததுபோல் ஒட்டினார். விசிறி அமைப்பு அவர் கண்டுபிடித்ததன்று. காதிஸ் நகரத்துக் கைவினைஞர் முன்பே செய்ததுதான். ஆனால் உடலைப் பெரிதாக்கி, நரம்பின் ஒலிக்கும் நீளத்தை 65 சென்டிமீட்டர் அளவில் நிறுத்தி, விசிறியையும் குவிவையும் ஒன்றுக்கொன்று இசைய வைத்தது அவர் கை.

இந்தத் துணிபை ஊருக்கு மெய்ப்பிக்கத்தான் 1862-இல் அந்த அட்டைக் கிதாரைச் செய்தார். முகம் நல்ல மரம், மற்றதெல்லாம் அட்டை. கேட்டவர்கள் வியந்தனர். அட்டை வெடிக்காது என்பது வேறு! ஆயினும் அவர் அதன்பின் அட்டைக்கு மாறிவிடவில்லை. ரோஸ்வுட்டையும் மேப்பிளையும் சைப்பிரஸையும் தொடர்ந்து இழைத்தார். முதுகு நாதத்தைப் படைக்காவிட்டாலும் அதற்கு ஒரு நிறம் தருகிறது என்பதை அவர் செவி அறிந்திருக்க வேண்டும். வாங்குவோர் கண்ணும் காசு கொடுக்கிறது அல்லவா?

1868-இல் தோரஸ் ஹோசேஃபா மார்த்தின் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். மறு ஆண்டு, பதினேழு வயதை எட்டிய இளைஞர் ஒருவர் கிதார் வாங்க அவர் பட்டறைக்கு வந்தார். பையனின் தோற்றத்தைப் பார்த்துச் சாதாரணக் கருவி ஒன்றை எடுத்துக் கொடுத்தாராம். பையன் அதை மீட்டத் தொடங்கியதும் தோரஸ் பேச்சற்று நின்றார். பிறகு உள்ளே சென்று, 1864-இல் தமக்கென்று செய்து வைத்திருந்த மேப்பிள் கிதாரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். அந்த இளைஞர்தான் பின்னாளில் கிதார் உலகின் பேராசானாக விளங்கிய பிரான்சிஸ்கோ தாரேகா. பல ஆண்டுகள் அந்தக் கருவியே அவர் கச்சேரிகளில் ஒலித்தது.

இத்தகைய மேதையின் பட்டறை ஓங்கி வளர்ந்தது என்று எழுதத்தான் ஆசை. நடந்ததோ வேறு. ஓராண்டுக்குள் தோரஸ் செவில் பட்டறையை மூடிவிட்டு அல்மெரியாவுக்குத் திரும்பினார். பீங்கான், கண்ணாடிச் சாமான் விற்கும் கடை வைத்தார். கிதார் வயிற்றுக்குப் போதவில்லை. தாரேகாவின் விரல்களில் தம் கருவி பாடிக்கொண்டிருக்க, அதைச் செய்தவர் கோப்பையும் தட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்! சுமார் ஐந்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1875-இல், கடை நேரம் போக எஞ்சிய பொழுதில், மீண்டும் உளியை எடுத்தார். இந்தக் காலத்துக் கருவிகளில் ஒட்டிய சீட்டுகளில் 'இரண்டாம் காலம்' என்று அச்சிட்டு, வரிசை எண்ணும் இட்டார். 1883-இல் ஹோசேஃபாவும் மறைந்தார்.

முதுமையில் அவருக்குத் துணையாக இருந்தவர் ஹுவான் மார்த்தினெஸ் சிர்வெந்த் என்ற இளைஞர்; பின்னர் பாதிரியார் ஆனவர். கிழவருக்குக் கை நடுங்கியபோது நுண்ணிய வேலைகளில் உதவினார். பல ஆண்டுகளுக்குப் பின், 1931-இல் எழுதிய ஒரு கடிதத்தில் அவர் இரண்டு செய்திகளைப் பதிவு செய்தார். பலகைகளை ஒட்டும் நேரத்தில் தோரஸ் கதவைத் தாழிட்டுக்கொள்வார். வீட்டாருக்குக்கூட அனுமதி இல்லை. ஒரு விருந்தின்போது, அந்த இரகசியத்தை உலகுக்குச் சொல்லிவிட்டுப் போகலாகாதா என்று கேட்டனர். மறைப்பதற்கு எதுவும் இல்லை என்றும், கட்டை விரலும் சுட்டு விரலும் பலகையைத் தடவி அதன் கனத்தை அறியும் உணர்வே அந்த இரகசியம் என்றும், அதை எழுதி வைக்க வழியில்லாததால் தம்மோடு கல்லறைக்கு வரும் என்றும் அவர் விடை கூறினாராம்.

1892-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள், எழுபத்தைந்தாம் வயதில், பிறந்த ஊரிலேயே தோரஸ் காலமானார். அவர் வாழ்நாளில் செய்த கிதார்கள் ஏறக்குறைய 320 இருக்கலாம் என்று கணக்கிடுகின்றனர். அவற்றுள் நூற்றுக்கும் குறைவானவையே இன்று அடையாளம் காணப்பட்டுள்ளன. அவற்றைத் தேடித் தேடி அளந்து 1987-இல் நூலாக வெளியிட்ட ஹோசே ரொமானில்யோஸும் கிதார் செய்தவரே. பழைய கருவியில் விரிசல் கண்டால் செப்பனிடுவோர் உட்புறம் சிறு மரச் சில்லுகளை வச்சிரமிட்டு ஒட்டித் தையல் போடுவது வழக்கம். இரண்டாம் காலச் சீட்டுகளின் வரிசை எண், 150-ஐச் சற்றே தாண்டி, 1892-ஓடு நின்றுவிடுகிறது.