லூயிகி கால்வானி
லூயிகி கால்வானி (செப்டம்பர் 9, 1737 - டிசம்பர் 4, 1798) ஓர் இத்தாலிய மருத்துவரும் உடற்கூற்றியல் அறிஞரும் ஆவார். பொலோனா நகரில் பிறந்த இவர், அந்நகரப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தார். 1782 இல் பொலோனா அறிவியல் நிறுவனத்தில் மகப்பேற்றியல் பேராசிரியரானார்.

இறந்த தவளையின் நரம்பை மின்னால் தூண்டினால் கால் தசை துடிப்பதைக் கண்டார். விலங்குடலிலேயே மின்சாரம் உண்டு என்னும் தம் முடிவை 1791 இல் வெளியிட்டார். உலோகத் தொடுகையே காரணம் என அலெசான்றோ வோல்ட்டா மறுத்தார். இவ்விவாதத்தின் விளைவாக வோல்ட்டாவின் மின்கல அடுக்கு உருவாகி, 1800 இல் அறிவிக்கப்பட்டது.

நெப்போலியன் நிறுவிய சிசால்ப்பைன் குடியரசுக்கு உறுதிமொழி அளிக்க மறுத்ததால், கால்வானி 1798 இல் பதவியையும் வருவாயையும் இழந்தார். அவ்வாண்டிலேயே பொலோனாவில் காலமானார்.

இன்று இடுப்புக்குழியில் செய்யப்படும் நுண்துளை அறுவைகள் சிலவற்றில், சிறுநீர்ப்பைக்கும் மலவாய்ச் சுருக்குத்தசைக்கும் செல்லும் நரம்புகள் சிதையாதிருக்க, அவற்றைச் சிறு மின்னோட்டத்தால் தூண்டித் தசைகளின் மறுமொழியைக் கண்காணிக்கின்றனர். கால்வானி தவளைக்காலில் கண்ட துடிப்பே இம்முறைக்கு அடிப்படையாகும்.